ஐப்பசிக்கு முன்னால் சைக்கிளைத் தயார் செய்வது எப்படி: வடசென்னை மழைக்கு ஒரு செய்முறை

2021 நவம்பரில் பெய்த பெருமழை ஓய்ந்த பிறகு என் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போனேன். செயின் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. பெடலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்த கடைக்காரர், "இன்னா தம்பி, காசிமேட்டாண்ட கடல்ல வுட்டு எடுத்தியா?" என்று கேட்டார்.

கடலில் விடவில்லை. மழையில் ஓட்டிவிட்டு வந்து மாடிப்படிக்குக் கீழே அப்படியே சாத்தி வைத்திருந்தேன். நான்கு நாள். அவ்வளவுதான் செய்த தப்பு.

வண்ணாரப்பேட்டை, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் இருந்துகொண்டு, மழைக்காலத்திலும் சைக்கிளை விடாமல் ஓட்ட நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். புது சைக்கிள் தேவையில்லை. பால்காரர் ஓட்டும் பழைய 28 இஞ்ச் வண்டியாக இருந்தாலும் சரி, பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்த கியர் வண்டியாக இருந்தாலும் சரி.

ஃபின்லாந்தில் ஊலு என்று ஒரு ஊர். குளிர்காலம் முழுக்கப் பனி. அங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் அந்தப் பனியிலேயே சைக்கிளில் போகிறார்கள். பாதை உறைந்து கண்ணாடி மாதிரி ஆகும் நாட்களுக்கென்று, சின்னச் சின்ன இரும்பு ஆணி பதித்த டயர் குளிர் நாடுகளில் விற்கிறார்கள். நமக்கு ஆணி டயர் வேண்டாம். ஆனால் ஒரு விஷயத்தில் நாமும் அவர்களும் ஒரே கட்சி. பனி உருக வேண்டும் என்று பல ஊர்களில் சாலையில் உப்புத் தூவுகிறார்கள். அந்த உப்புதான் அங்கே செயினைத் தின்கிறது. நமக்கு உப்பை யாரும் தூவ வேண்டியதில்லை, எண்ணூர் நெடுஞ்சாலையில் காற்றே கொண்டுவந்து பூசிவிடும்.

வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் மூன்றாம் வாரம் தொடங்கி டிசம்பர் வரை போகும். புரட்டாசி முடிவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள். முதல் மழைக்கு மறுநாள் சைக்கிள் கடையில் நிற்க இடம் இருக்காது.

முதல் வேலை: பிரேக்

வேறு எதையும் செய்ய நேரமில்லை என்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்.

முதலில் உங்கள் ரிம் எது என்று பாருங்கள். பளபளவென்று முகம் தெரிகிற குரோம் பூசிய இரும்பு ரிம்மா, மங்கலான வெள்ளி நிற அலுமினிய ரிம்மா? சந்தேகம் இருந்தால் ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டைக்குப் பிடிப்பே இருக்காது. லிவரை முழுக்க அழுத்தினாலும் வண்டி தன் போக்கில் போகும். அலுமினிய ரிம்மில் நிலைமை பரவாயில்லை. டிஸ்க் பிரேக் இருந்தால் மழையில் அதுதான் நல்லது. அதற்காகப் புது வண்டி வாங்கச் சொல்ல மாட்டேன்.

பிரேக் கட்டையைக் கழற்றிப் பாருங்கள். கோடுகள் தேய்ந்து மொழுக்கென்று ஆகியிருந்தால் மாற்றிவிடுங்கள். கோடு இருந்தும் உள்ளே மணலும் சின்னக் கற்களும் பதிந்திருந்தால் ஊக்கால் நோண்டி எடுத்துவிட்டு, மேல்பரப்பை உப்புத்தாளில் நான்கு தேய்ப்புத் தேயுங்கள். ரிம்மைச் சோப்புத் தண்ணீரில் கழுவித் துடையுங்கள். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பிரேக் போச்சு. ஒயர் பிரேக் என்றால், ஒயர் உறைக்குள் நுழையும் இடத்தில் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, லிவரைப் பத்து முறை அழுத்தி விடுங்கள். முழுக்க அழுத்தினாலும் லிவருக்கும் ஹேண்டில்பாருக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்க வேண்டும்.

இப்போது ஒரு சோதனை. ஞாயிற்றுக்கிழமை காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத தெருவில் சாக்பீஸால் ஒரு கோடு போடுங்கள். மெதுவாக வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடியுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே இன்னொரு கோடு. அடுத்து இரண்டு ரிம்மிலும் ஒரு மக் தண்ணீரைச் சுற்றி ஊற்றிவிட்டு, அதே வேகத்தில் வந்து பிடியுங்கள். நிற்கும் இடத்தில் மூன்றாவது கோடு. வண்டி நின்ற இரண்டு கோடுகளுக்கும் நடுவே உள்ள தூரத்தைக் கண்ணால் பார்த்த பிறகு, மழையில் எப்போது பிரேக்கைத் தொட வேண்டும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. என் பழைய வண்டி முதல் தடவை பக்கத்து வீட்டுக் கோலத்தைத் தாண்டிப் போய்த்தான் நின்றது.

இரண்டாவது: மட்கார்டும் அதன் வாலும்

மழையில் நம்மை நனைப்பது மேலே இருந்து வரும் தண்ணீர். வண்டியைக் கெடுப்பது கீழே இருந்து முன் சக்கரம் அள்ளி வீசும் சேறு. அது நேராக நம் பாதத்திலும், இரண்டு பெடலையும் இணைக்கும் அச்சு சுற்றுகிற பிபி கப்பிலும், செயினிலும் போய் விழுகிறது.

பழைய வகை வண்டிகளில் முழு மட்கார்டு இருக்கும். கியர் வண்டிகளில் குருவி வால் மாதிரி ஒன்றை மாட்டிக் கொடுப்பார்கள், அது அழகுக்குத்தான். பாரிமுனைப் பக்கம் ரத்தன் பஜாரில் உங்கள் சக்கர அளவைச் சொல்லி முழு நீள மட்கார்டு கேளுங்கள். அப்புறம் பழைய ஸ்கூட்டர் டியூபையோ ஐந்து லிட்டர் எண்ணெய் கேனையோ உள்ளங்கை அகலத்துக்கு வெட்டி, முன் மட்கார்டின் நுனியில் இரண்டு துளை போட்டு நட்டு, போல்ட்டால் மாட்டுங்கள். தரையில் இருந்து நான்கு விரல் உயரம் வரை தொங்கினால் போதும். அரை மணி நேர வேலை, மூன்று மாதச் சேறு மிச்சம்.

மூன்றாவது: டயர்

மழையில் பஞ்சர் கூடுதலாக ஆகும். ஈரமான ரப்பரைக் கண்ணாடித் துண்டு சுலபமாக அறுத்துவிடும் என்பது ஒரு காரணம். ஓரத்தில் கிடக்கும் குப்பையை எல்லாம் வெள்ளம் நடுரோட்டுக்குக் கொண்டுவருவது இன்னொன்று. டயரில் நூல் தெரிந்தாலோ பக்கவாட்டில் வெடிப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள்.

பிடிப்பு வேண்டும் என்று காற்றைக் குறைக்கச் சொல்வார்கள். அது சரிதான், ஆனால் நம் ஊரில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் இருக்கிறது. காற்று ரொம்பக் குறைந்தால் பள்ளத்தின் விளிம்பில் ரிம் இடித்து டியூப் இரண்டு இடத்தில் கிழியும். டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் காற்றழுத்த அளவு 50 என்றால் 45 வையுங்கள், அதற்குக் கீழே வேண்டாம்.

ஈர டியூபில் பேட்ச் ஒட்டாது. அதனால் சொல்யூஷன், பேட்ச் இவற்றோடு ஒரு மாற்று டியூபையும் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருங்கள்.

நான்காவது: விளக்கும் மழைக்கோட்டும்

முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு. பெரும்பாலானவர்கள் பின் விளக்கை சீட்டுக்குக் கீழே மாட்டுகிறார்கள். மழைக்கோட்டின் வால் அதை அழகாக மூடிவிடும். நமக்கு விளக்கு எரிகிறது என்ற நினைப்பு, பின்னால் வரும் கன்டெய்னர் லாரிக்கு ஒன்றுமே தெரியாது. கேரியரின் பின் கம்பியில் மாட்டுங்கள்.

மழைக்கோட்டு சட்டையும் பேன்ட்டுமாக இருக்கட்டும். போர்வை மாதிரி மேலே போர்த்துவது கடற்காற்றில் பாய்மரமாகி ஆளையே தள்ளும். குடையைப் பிடித்துக்கொண்டு ஓட்டுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

ஐந்தாவது: ஓட்டுவது

நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையின் முதல் அரை மணி நேரம்தான் மோசமானது. லாரிகள் சிந்திய டீசலும் ஆயிலும் தண்ணீரில் மிதந்து சாலை முழுக்க வழவழவென்று ஆகியிருக்கும். ஒரு டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

வண்டி நகர்ந்ததும் அவ்வப்போது பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே போங்கள். கட்டை ரிம்மில் இருக்கும் தண்ணீரை வழித்துவிடும், தேவைப்படும்போது பிடிக்கும். பேசின் பிரிட்ஜ் பாலத்து இறக்கம் மாதிரி இடங்களில் உச்சியிலேயே இதைத் தொடங்கிவிட வேண்டும், பாதி வழியில் நினைவு வந்து பயனில்லை. முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடிக்காதீர்கள். இரண்டையும் சேர்த்து, மெதுவாக.

வழுக்கும் இடங்கள் எப்போதும் இரும்பும் பெயின்டும்தான். பாதாளச் சாக்கடை மூடி, மெட்ரோ வேலைக்காகப் போட்டிருக்கும் இரும்புத் தகடு, சாலையில் வரைந்த வெள்ளைக் கோடு. இவற்றின் மேல் போகும்போது திருப்பவும் கூடாது, பிரேக் பிடிக்கவும் கூடாது. ஹேண்டிலை நேராக வைத்து உருண்டு போய்விட வேண்டும். தண்டவாளம் இவை எல்லாவற்றுக்கும் அப்பன். கொருக்குப்பேட்டை கேட்டில் ரயில் போனதும், பின்னால் ஹாரன் அடிக்கிறார்களே என்று அவசரத்தில் சாய்வாகக் கடந்தேன். முன் சக்கரம் தண்டவாளத்தோடு ஓடியது, நான் தரையோடு ஓடினேன். முழங்கையில் தழும்பு இன்னும் இருக்கிறது. தண்டவாளத்தைக் குறுக்காக, செங்கோணத்தில் கடக்க வேண்டும். முடியவில்லையா, இறங்கித் தள்ளுங்கள். ஹாரன் அடிக்கிறவர் அடிக்கட்டும்.

கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நின்றால், அவற்றின் இடப்பக்கச் சந்தில் நுழையாதீர்கள். டிரைவருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள்.

தேங்கிய தண்ணீர் வந்தால்? கணக்கு எளிது. சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப்புக்குக் கீழே தண்ணீர், அந்தத் தெருவும் உங்களுக்குத் தெரிந்த தெரு என்றால், சாலையின் நடு மேட்டில், சின்ன கியரில், நிற்காமல் மிதித்துப் போங்கள். தெரியாத தெரு என்றால் கணுக்கால் அளவு தண்ணீரானாலும் இறங்குங்கள். மூடி திறந்த சாக்கடை மேலிருந்து பார்த்தால் தெரியாது. சுரங்கப்பாதை வேண்டவே வேண்டாம். வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்ற கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் கால்வாய்த் தண்ணீர் கடலுக்குள் போக வழியில்லாமல் நிற்கும், அதனால் மழை விட்டாலும் பக்கிங்காம் கால்வாய், ஓட்டேரி நல்லா என்ற ஓடை இவற்றின் ஓரத் தெருக்களில் தண்ணீர் உடனே இறங்காது. மின்பெட்டி, தெருவிளக்குக் கம்பம் இவற்றின் பக்கம் போகாதீர்கள். அறுந்த ஒயரைப் பார்த்தால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987, திறந்த சாக்கடையைப் பார்த்தால் மாநகராட்சி 1913. காலில் புண் இருந்தால் அந்தத் தண்ணீரில் இறங்காமல் இருப்பது நல்லது, எலிக்காய்ச்சல் அப்படித்தான் வருகிறது. இறங்க நேர்ந்தால் வீட்டுக்கு வந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

ஆறாவது: வீட்டுக்கு வந்த பிறகு, கால் மணி நேரம்

என் செயின் செங்கல் ஆனது இதைச் செய்யாததால்தான்.

வண்டியை இரண்டு தடவை தரையில் தட்டுங்கள், தண்ணீர் உதிரும். ஒரு பக்கெட் நல்ல தண்ணீரை மக்கால் ஊற்றிச் சேற்றையும் உப்பையும் கழுவுங்கள். பைப்பை வைத்து ஹப்பிலும் பிபி கப்பிலும் வேகமாக அடிக்காதீர்கள், உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே வந்துவிடும். அடுத்து, பழைய லுங்கித் துணியால் செயினைப் பிடித்துக்கொண்டு பெடலைப் பின்பக்கமாகச் சுற்றுங்கள், துணியில் ஈரம் வராத வரை. கறுப்பாகப் பிசுக்கு இருந்தால் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய். காய்ந்ததும் ஒவ்வொரு கண்ணியின் உருளையிலும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, ஐந்து நிமிடம் கழித்து வெளிப்பக்கத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே இருந்தால் மணலைப் பிடித்துக்கொள்ளும்.

எந்த எண்ணெய்? தையல் மெஷின் எண்ணெய் மழையில் ஒரே நாளில் கழுவிக்கொண்டு போய்விடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம். நான் பைக்குக்கு ஊற்றும் 20டபிள்யூ-40 எஞ்சின் ஆயிலைப் பயன்படுத்துகிறேன், கனமாக இருப்பதால் நிற்கிறது. சில கடைகளில் வண்டியில் இருந்து வடித்த கறுப்பு ஆயிலைத் தடவிவிடுவார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள், அதில் இரும்புத் தூள் இருக்கிறது.

ஹப் முங்கும் அளவு தண்ணீரில் போய்விட்டீர்கள் என்றால் மேலே சொன்னது போதாது. சீட் கம்பியை உருவி, வண்டியைத் தலைகீழாகக் கவிழ்த்து, பிரேமுக்குள் போன தண்ணீரை வடியுங்கள். இரண்டு ஹப், பிபி கப் மூன்றையும் பிரித்து, உள்ளே உருளும் இரும்புக் குண்டுகளான பால்ஸைக் கழுவி, புது கிரீஸ் வைக்க வேண்டும். கடையில் இதை ஓவராயில் என்பார்கள். ஒரு வாரம் தள்ளினால் பால்ஸும் அவை உருளும் கோனும் துருப்பிடித்துப் புதிதாக வாங்க வேண்டியிருக்கும். தண்ணீர் வடிந்த மறுநாள் காலை, கடை திறப்பதற்கு முன்பே போய் நின்றுவிடுங்கள்.