விண்டோஸ் நிறுவிய பிறகு உபுண்டு காணவில்லையா? வட்டை அழிக்காதீர்கள்

சிங்கப்பூரின் ஈசூனில் இருக்கும் என் அக்கா மகள் அழாக்குறையாக அழைத்தாள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவி. உபுண்டு என்ற இலவச இயங்குதளம் இருந்த மடிக்கணினியில், பாடத்துக்கு வேண்டிய ஒரு மென்பொருளுக்காக விண்டோஸ் 11ஐயும் நிறுவியிருக்கிறாள். அதன்பின் விண்டோஸ் மட்டுமே வருகிறது. "மாமா, எல்லாவற்றையும் அழித்துவிட்டு முதலிலிருந்து போடட்டுமா?" என்றாள். வேண்டவே வேண்டாம் என்றேன். உங்களுக்கும் அதையேதான் சொல்கிறேன்.

நிறுவும்போது உபுண்டு இருந்த பகிர்வை, அதாவது வட்டின் அந்தப் பகுதியை, நீங்கள் நீக்கவில்லை என்றால், கோப்புகள் பத்திரமாகவே இருக்கும். எந்த இயங்குதளத்தை முதலில் எழுப்புவது என்ற வரிசையை, கணினியைத் திறந்ததும் முதலில் இயங்கும் யூஇஎஃப்ஐ என்ற அடிப்படை மென்பொருள் நினைவில் வைத்திருக்கிறது. விண்டோஸ் தன் துவக்கியை (இயங்குதளத்தை எழுப்பும் சிறு நிரல்) அந்த வரிசையின் தலையில் வைத்துவிடுகிறது. உபுண்டுவின் துவக்கியான கிரப் பின்னால் போய்விடுகிறது, அவ்வளவுதான். உபுண்டுவின் பகிர்வை விண்டோஸால் படிக்க முடியாது. அதை ஃபார்மேட் செய்யட்டுமா என்று கேட்டால் மறுத்துவிடுங்கள்.

முதலில் பிட்லாக்கர், அதாவது வட்டைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி. இதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். துவக்க அமைப்புகளை மாற்றினால், விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அது இருக்கிறதா என்று பார்த்து, தாளில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் மாட்டிக்கொண்டால் விண்டோஸில் உள்ள கோப்புகளைத் திறக்க வழியில்லை.

அடுத்து வரிசையை மாற்றுங்கள். விண்டோஸில் ஷிஃப்ட் விசையை அழுத்தியபடியே 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். நீலத் திரையில் 'டிரபிள்ஷூட்', 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்', 'யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ்' என்று ஒவ்வொன்றாகப் போங்கள். கணினியைத் திறந்ததும் எஃப்2 அல்லது டெலீட் விசையைத் தட்டுவது பழைய வழி. விசை நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் எனக்கு முதல் வழியே பிடிக்கும். 'பூட்' பக்கத்தில் 'உபுண்டு' என்ற பெயர் தெரிந்தால், 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதற்கு மேலே ஏற்றிச் சேமியுங்கள். அக்கா மகளின் கணினி இந்த இடத்திலேயே சரியாகிவிட்டது.

உபுண்டு பெயரே இல்லையா? ஒரு யூஎஸ்பி குச்சி வேண்டும். 8 ஜிபி போதும், சிம் லிம் ஸ்குவேரில் எளிதாகக் கிடைக்கும். அதிலுள்ளவை அழிந்துவிடும் என்பதால் முதலில் வேறெங்காவது நகலெடுத்துக்கொள்ளுங்கள். 'பூட் ரிப்பேர் டிஸ்க்' என்ற இலவச வட்டுப் படிமத்தைப் பதிவிறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் குச்சியில் எழுதி, அதிலிருந்து கணினியைத் தொடங்குங்கள். துவக்கப் பட்டியலில் குச்சி இரண்டு முறை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று போட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். இதில் தவறினால் பழுதுநீக்கம் பலிக்காமல் போகலாம். பிறகு 'ரெக்கமண்டட் ரிப்பேர்' பொத்தானை அழுத்திக் காத்திருங்கள். இணைய இணைப்பு இருப்பது நல்லது.

கிரப் பட்டியல் வந்து, அதில் விண்டோஸ் இல்லையென்றால் பதற வேண்டாம். 2021இல் வெளிவந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாகவே அணைக்கப்பட்டிருக்கிறது. அப்படியிருந்தாலும் யூஇஎஃப்ஐயின் துவக்கப் பட்டியல் வழியாக விண்டோஸுக்குப் போகலாம்.

எல்லாம் சரியான பிறகு விண்டோஸ் கடிகாரம் எட்டு மணி நேரம் பின்தங்கியிருந்தால், அது பழுதல்ல. உபுண்டு வன்பொருள் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதைச் சிங்கப்பூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. நேர அமைப்பில் 'சிங்க் நவ்' கொடுத்தால் சரியாகிவிடும். உபுண்டுவுக்குப் போய்வந்த பிறகு மறுபடியும் பின்தங்கினால் மீண்டும் அதையே செய்யுங்கள்.