செந்நட்சத்திர விருது: வாங்கும் முன் எனாமலைப் பாருங்கள்

சோவியத் பதக்கம் சேர்க்கத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் 1930இல் நிறுவப்பட்ட செந்நட்சத்திர விருதிலிருந்துதான் (Order of the Red Star, ராணுவ விருது) தொடங்குகிறார்கள். வெள்ளியில் செய்து, ஐந்து முனைகளிலும் சிவப்பு எனாமல் (கண்ணாடி போன்ற பூச்சு) பூசியது. முதலில் அந்த முனைகளைத்தான் பார்க்க வேண்டும், சட்டையில் உரசியும் கீழே விழுந்தும் அங்கேதான் சில்லு பெயரும். பத்து மடங்கு லென்ஸில், விளக்கைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். மயிரிழை விரிசல் பரவாயில்லை, ஆனால் ஒரு முனை மட்டும் மற்ற நான்கைவிட மங்கலாகவோ வழவழப்பாகவோ இருந்தால் பின்னால் நிரப்பியிருக்க வாய்ப்பு அதிகம். புற ஊதா விளக்கு அடித்தால் நகப்பூச்சு, பிசின் போன்றவை பெரும்பாலும் வேறு மாதிரி ஒளிரும்.

அப்புறம் பின்பக்கம். அங்கே பொறித்திருக்கும் வரிசை எண்ணைச் சுற்றியுள்ள இடம் மட்டும் தேய்த்த மாதிரி பளபளத்தால், பழைய எண்ணை அழித்திருக்கலாம், அதை நான் தொடவே மாட்டேன். சட்டையில் பொருத்த உதவும் திருகு மரை (nut) மாறியிருப்பது சகஜம், விலையைக் கொஞ்சம் குறைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான்.

தயவுசெய்து பாலிஷ் போடாதீர்கள். கருமையோடு சேர்ந்து நடுவில் நிற்கும் வீரனின் முகமும் தேய்ந்துவிடும்.

ரஷ்யாவில் வாங்குவதாக இருந்தால் கவனம், சோவியத் அரசு விருதுகளை வாங்குவதும் விற்பதும் அங்கே குற்றவியல் சட்டத்தின் 324ஆவது பிரிவில் வருகிறது.