கொன்ட்ரோல் பனல் லேஅவுட் வரைய எந்த மென்பொருள்? ஒரு ஆலை ஸ்டார்ட்டரை வரைந்து பார்த்துத் தெரிவு செய்யுங்கள்

மோட்டரை இயக்கும் மின்சாமான்கள் அடங்கிய பெட்டிதான் கொன்ட்ரோல் பனல். ஒரு பனலுக்கு இரண்டு படம் வேண்டும். வயர் எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டுவது சேர்க்கிட் படம். பெட்டிக்குள் சாமான்களைப் பூட்டும் பிளேட்டில் எந்தச் சாமான் எங்கே உட்காரும் என்று மில்லிமீற்றர் கணக்கில் காட்டுவது லேஅவுட். புதியவர்கள் சேர்க்கிட்டுக்கு எடுத்த மென்பொருளிலேயே லேஅவுட்டையும் வரையப் போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். விளம்பரத்தை விடுங்கள், சம்மாந்துறைப் பக்கத்து நெல் ஆலையொன்றுக்கு 10 குதிரைவலு மோட்டருக்கான ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் (மோட்டரைக் குறைந்த வோல்ற்றில் தொடங்கி முழு வோல்ற்றுக்கு மாற்றும் அமைப்பு) ஒன்றை வரைந்து பாருங்கள்.

1. முதலில் கடதாசியும் பேனையும்

400 வோல்ற்றில் இந்த மோட்டர் சுமார் 15 அம்பியர் இழுக்கும். டெல்டாவில் மோட்டரின் மூன்று சுருள்களும் வளையமாக இணைகின்றன; அந்த வளையத்துக்குள் ஓடுவது அதில் 58 வீதம், ஏறக்குறைய 8.7 அம்பியர். மோட்டர் அளவுக்கு மிஞ்சி இழுத்தால் நிறுத்தும் ஓவர்லோட் ரிலே அந்த வளையத்துக்குள் இருந்தால் இந்த அளவுக்குத்தான் செட் பண்ண வேண்டும்.

இனி அகலம்: மூன்று போல் பிரேக்கர் 54 மி.மீ., கொன்ட்ரோலுக்கு ஒரு போல் 18, கொன்டாக்டர் (மோட்டருக்கு மின்னைக் கொடுக்கும் காந்த சுவிட்ச்) மூன்றும் தலா 45 வீதம் 135, டைமர் 22.5. மொத்தம் 229.5. 400 மி.மீ. அகலப் பெட்டிக்குள் பிளேட் 350 என்று வைத்தால், இரு பக்கமும் 40 மி.மீ. ட்ரங்கிங் (வயர் போகும் கால்வாய்) போக மிஞ்சுவது 270. சாமான்கள் ரெயிலில் நகராமல் பிடிக்கும் எண்ட் ஸ்டொப்பர்களும், ஒரு ஃபேஸ் போனால் மோட்டரை நிறுத்த பிற்காலத்தில் போடும் ஃபேஸ் ரிலேயும் மீதி 40.5 மி.மீ.க்குள் அடங்குமா? இதற்குச் சரியான பதில் தருவதுதான் லேஅவுட் மென்பொருளின் வேலை. அளவுகளை கட்டலொக்கில் பாருங்கள்; கல்முனைக் கடையில் வாங்கிய சாமான் கையில் இருந்தால் வேர்னியர் கலிப்பர் வைத்து அளந்து விடுங்கள்.

2. சேர்க்கிட் படம்: கியூஎலெக்ட்ரோடெக் (QElectroTech)

இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும், சர்வதேசத் தரமான ஐஈசி (IEC) குறியீடுகள் உள்ளேயே இருக்கின்றன. கொன்டாக்டர் கொயிலை (காந்தச் சுருளை) அதன் கொன்டாக்டுகளோடு (தொடுமுனைகளோடு) இணைத்து வையுங்கள். பிறகு கொயிலின் பெயரை மாற்றிப் பாருங்கள். கொன்டாக்டுகளிலும் பெயர் மாறினால் இணைப்பு சரி. எந்த மின் வரைபட மென்பொருளையும் இப்படிச் சோதிக்கலாம். இதில் தோற்றால் பெரிய வேலைக்கு எடுக்க வேண்டாம். இந்த மென்பொருள் அளவுத்திட்டத்துக்கு வரைவதற்கானதல்ல. அதில் லேஅவுட் போடாதீர்கள்.

3. லேஅவுட்: லிப்ரேகேட் (LibreCAD)

இதுவும் இலவசம். அலகை மில்லிமீற்றராக வைத்து 1:1 அளவில் வரையுங்கள். தயாரிப்பாளர்கள் பலர் டிஎக்ஸ்எஃப் (DXF) என்ற கோப்பு வடிவில் படங்களைத் தங்கள் தளத்தில் தருகிறார்கள். ஏற்றியதும் ஒரு கொன்டாக்டரின் அகலத்தை அளந்து பாருங்கள். 45 வர வேண்டிய இடத்தில் 1.77 வந்தால் அது அங்குலத்தில் வரைந்த படம், 25.4 மடங்கு பெருப்பித்துக் கொள்ளுங்கள்.

ஓவர்லோட் ரிலே கொன்டாக்டருக்குக் கீழே மாட்டுப்படுவதால் உயரத்தையும் சேர்த்து வரையுங்கள். சாமானுக்கும் ட்ரங்கிங்குக்கும் இடையில் 40 மி.மீ. விட்டால் வயரை வளைத்து ஸ்க்ரூ பூட்டலாம். ஆலையில் உமித்தூசி பறக்கும், கேபிளைக் கீழ்ப்பக்கத்தால் கிளாண்டோடு (கேபிளை இறுக்கிப் பிடித்துத் துளையை அடைக்கும் பூட்டு) எடுப்பதே நல்லது. டெர்மினல் வரிசையும் அடியில் வரட்டும். ஸ்டார்-டெல்டா மோட்டருக்கு ஆறு வயர் போகும். மூன்றுக்கு மட்டும் இடம் விட்டு வைப்பது அடிக்கடி நடக்கும் பிழை.

4. பிரின்ட் எடுத்துத் துளையிடல்

படத்தின் ஓரத்தில் 100 மி.மீ. கோடொன்று போடுங்கள். 'பக்கத்துக்குப் பொருத்து' என்ற தெரிவை நீக்கி பிரின்ட் எடுத்து, இரும்பு அடிமட்டத்தால் அந்தக் கோட்டை அளந்து பாருங்கள். 97 வந்தால் அந்தக் கடதாசியை பிளேட்டில் ஒட்டி பஞ்ச் அடிக்காதீர்கள். ரெயில் துளைகள் எல்லாம் இடம் மாறிவிடும்.

5. எப்போது காசு கொடுத்து வாங்குவது?

மேலே சொன்ன இரண்டு இலவச மென்பொருள்களுக்கும் இடையில் தொடர்பு கிடையாது. சேர்க்கிட்டில் பெயர் மாறினால் லேஅவுட்டில் கையால்தான் மாற்ற வேண்டும். பத்துப் பதினைந்து சாமான் உள்ள பனலுக்கு அது பெரிய கரைச்சல் இல்லை. பல மோட்டர், பிஎல்சி (புரோகிராம் எழுதி இயக்கும் கொன்ட்ரோலர்) என்று பக்கங்கள் கூடும்போதுதான் ஒரு பெயரைத் தவறவிட்டு, வயர் நம்பரே பிழைத்துப் போகும். அந்தக் கட்டத்தில் ஓட்டோகேட் எலெக்ட்ரிக்கலைப் பாருங்கள். சேர்க்கிட்டும் லேஅவுட்டும் அதில் ஒன்றோடொன்று இணைந்தவை. ஈபிளான் அதைவிடப் பெரியது, தொடர்ந்து பனல் செய்யும் நிறுவனங்களுக்கானது. மாணவர்களுக்கான இலவச லைசன்ஸ் படிப்புக்கு மட்டும்தான், அதில் காசுக்கு வேலை செய்யக் கூடாது.