மலையகத்து இலகு காதல் நாவலை மதிப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாசகரைச் சிரிக்க வைத்து மனம் நிறையச் செய்யும் ஒரு காதல் நாவல் இலங்கையின் மலையகத்திலிருந்து வெளிவந்தால், விமர்சகர் முதலில் கேட்பது பெரும்பாலும் "இதில் எங்கள் மக்களின் துயரம் எங்கே?" என்பதாகவே இருக்கிறது. இக்கேள்வி பிறக்கும் காரணத்தை நான் மதிக்கிறேன். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டமும் 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா சாஸ்திரி ஒப்பந்தமும் இந்திய வம்சாவளித் தோட்டத் தமிழ்ச் சமூகத்தை நாடற்றதாக்கி, இலங்கைக்கும் இந்தியாவுக்குமெனக் கூறுபோட்ட வரலாறு எழுதப்படவேண்டியிருந்தது, மூத்தோர் எழுதினார்கள், அந்த எழுத்தின் மீதுதான் இன்றைய எழுத்து நிற்கிறது. ஆயினும் எல்லா நாவல்களையும் அந்த ஒரே தராசில் நிறுப்பதே மிகப் பெரிய தவறென்று கருதுகிறேன். மலையில் தேயிலைக் கொழுந்தெடுக்கும் பெண்ணுக்கும் காதலில் தடுமாற உரிமை உண்டு, தோழியரோடு வயிறு வலிக்கச் சிரிக்கவும் உரிமை உண்டு. அச்சிரிப்பை எழுதிய நாவலைக் கனமில்லாததென்று தள்ளுவது, அவளைக் கண்ணீருக்கு மட்டுமே உரியவளாக வைத்துவிடுவதாகும்.

அப்படியானால் எதைக் கொண்டு அளப்பது? சிரிப்பு எங்கிருந்து வருகிறது என்பதைத்தான் பார்க்கவேண்டும். ஹட்டனில் மாதமொருமுறை கூடி வாசிக்கும் எங்களிடம் ஒரு கையெழுத்துப் பிரதி வந்தது. அதில் மாலை நிறுவை நேரம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். தோட்டத்துக்குப் புதிதாக வந்த இளம் உத்தியோகத்தர், மழை ஈரத்துக்கும் சாக்குக்குமென்று ஒவ்வொருவரின் நிறையிலும் மூன்று கிலோ கழித்து எழுதுகிறார். நாயகி சண்டைக்குப் போகவில்லை. கொழுந்தைக் கொட்டிவிட்டு, வெற்றுச் சாக்கை நன்றாக உதறி, தராசின் கொக்கியில் தானே மாட்டுகிறாள். "ஐயா, இது எத்தன கிலோன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க" என்கிறாள். முள் ஒரு கிலோவைக்கூடத் தொடவில்லை. வரிசை முழுவதும் சிரிக்கிறது. எழுதிய எண்ணை அவர் அடித்துத் திருத்தும்போது அவருடைய காதுகள் சிவந்துவிடுகின்றன.

இந்தப் பக்கத்தில் காதல் தொடங்கிவிட்டது. நிர்ணயித்த கிலோ குறைந்தால் முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம் போய், அரைநாளுக்கான அரைப்பேரே விழும் என்ற நடைமுறையை அறிந்தவருக்கு, அந்த மூன்று கிலோவின் பெறுமதியும் தெரியும். ஆசிரியர் ஒரு வரியில்கூடப் புலம்பவில்லை. வாழ்க்கையின் பாரம் சிரிப்புக்கு உள்ளேயே இருக்கிறது. இதுவே இவ்வகை நாவலின் உண்மையான பலம். அதே பிரதியின் ஏழாம் அத்தியாயத்தில் நாயகி படிக்கட்டில் வழுக்கி விழ, எங்கிருந்தோ வந்த நாயகன் தாங்கிப் பிடிக்கிறான். எந்த ஊரிலும், எந்த இருவருக்கும் நடக்கக்கூடிய அந்தக் காட்சியை ஒரே மூச்சில் பாராட்டிய நண்பர்கள், தராசுக் காட்சியைக் கவனிக்காமலே தாண்டிப் போனார்கள். பலத்தையும் பலவீனத்தையும் இவ்வாறு இடம் மாற்றிக் காண்பது அடிக்கடி நேர்கிறது.

இதற்கு நேரெதிரான தவறொன்றும் உண்டு. "இலகுவான நாவல்தானே" என்று சொல்லி, தகவற்பிழைகளைப் பொறுத்துக்கொள்வது. கொழும்பிலிருந்து வரும் நாயகன் நுவரெலியா புகையிரத நிலையத்தில் இறங்குவதாக எழுதியிருந்தால், அதைச் சுட்டிக்காட்டத்தான் வேண்டும். அவன் நானுஓயாவில் இறங்கி, பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்துத்தான் மேலே வரமுடியும். மழை இன்னும் முக்கியமானது, ஏனெனில் காதல் நாவல்களில் பாதிக் காட்சிகள் மழையில்தான் நடக்கின்றன. ஜூன், ஜூலை மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று ஹட்டன், மஸ்கெலியாப் பக்கத்தை நனைத்துக்கொண்டிருக்கும்போது, பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்று வீசும். இடையிலுள்ள பட்டிப்பொலை நிலையத்தைத் தாண்டும் ரயிலில் உட்கார்ந்திருப்பவர் இந்த மாற்றத்தை யன்னலிலேயே காணலாம். ஆகவே ஜூலை மாதத்துப் பதுளையில் நாட்கணக்காய் அடைமழை பெய்வித்து இருவரையும் ஒரே குடைக்குள் சேர்க்கும் ஆசிரியர், தம் கதையை வேறொரு மலையிலிருந்து கடன் வாங்கியிருக்கிறார். பணமும் அப்படியே. 2021ஆம் ஆண்டில் 1000 ரூபாயாகவும் 2024ஆம் ஆண்டில் 1350 ரூபாயாகவும் இருந்த நாட்சம்பளத்தில் இருபத்தைந்து நாள் பேர் விழுந்தாலும் மொத்தத் தொகை எவ்வளவென்று வாசகருக்குத் தெரியும். நாயகியின் தாய் யோசனையே இல்லாமல் மகளுக்கு விலையுயர்ந்த கைப்பேசி வாங்கிக் கொடுத்தால், வாசகர் அந்த இடத்திலேயே கதையை நம்புவதை விட்டுவிடுகிறார்.

முடிவு முன்கூட்டியே தெரிகிறது என்பதைக் குறையாகச் சொல்லவேண்டாம். உடரட்ட மெனிகே பதுளைக்குப் போகும் ரயில் என்று தெரிந்தும் யன்னலோர இருக்கைக்குப் போட்டியிடுகிறோம் அல்லவா. குறை காணவேண்டியது தடையின் தரத்தில்தான். ஒரு தொலைபேசி அழைப்பில் தீரும் தப்பெண்ணத்தை நூறு பக்கம் இழுப்பது பலவீனம். வளைவு தாண்டினால் சிக்னல் கிடைக்காது என்பது எங்கள் தோட்டங்களின் உண்மை என்பதால் ஒருமுறை அதை ஏற்கலாம். ஐந்தாம் முறையும் சிக்னலே குறுக்கே நின்றால், பாத்திரங்களுக்கிடையே உண்மையான பிணக்கு எதுவும் இல்லையென்று பொருள்.

ஒன்றை மட்டும் நகைச்சுவையென்று விட்டுவிடக்கூடாது. மறுத்த பெண்ணைப் பஸ் தரிப்பிடம் வரை நாள்தோறும் பின்தொடர்வதைக் காதலின் விடாமுயற்சியாகக் காட்டும் நாவல்கள் இன்றும் வருகின்றன. தோட்டத்துப் பாதையில் தனியாக நடந்து வேலைக்கும் வகுப்புக்கும் போகும் பெண்பிள்ளைகள் அவற்றை வாசிக்கிறார்கள். எனவே மதிப்புரையில் அதைத் தெளிவாகக் கண்டிக்கவேண்டும்.

உரையாடலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) மூதாட்டி யாழ்ப்பாணத் தமிழிலோ சென்னைத் தொடர் நாடகத் தமிழிலோ பேசினால் அது பிழை. கதைச் சுருக்கத்தையே மதிப்புரையாக எழுதுவதும் வேண்டாம். "நடை நன்று", "விறுவிறுப்பு" என்ற சொற்களுக்குப் பதிலாக, எந்தப் பக்கம், எந்த வரி என்று காட்டுங்கள்.

எங்கள் கூட்டத்தில் அவ்வாறுதான் அந்த ஏழாம் அத்தியாயத்தைப் பிரித்துப் பேசினோம். அடுத்த மாதம் ஆசிரியை புதிய பக்கங்களோடு வந்தார். வழுக்கி விழும் காட்சி அதில் இல்லை. மாலை நிறுவை தொடங்குமுன் அந்த இளம் உத்தியோகத்தர் தாமாகவே ஒரு வெற்றுச் சாக்கைக் கொக்கியில் மாட்டி, அதன் நிறையை உரக்க வாசித்துப் புத்தகத்தில் குறிக்கிறார். அவர் நாயகியின் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வரிசையில் நிற்கும் பெண்கள் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இருமல் வருகிறது.