நிலவுப் பயணம் தள்ளிப்போகும் செய்திகளை எடைபோடுவது எப்படி?

1972 டிசம்பரில் அப்போலோ 17 குழுவினர் திரும்பிய பிறகு நிலவில் மனிதர் எவரும் கால் பதிக்கவில்லை. மீண்டும் அங்கே செல்வதற்கான நாசாவின் ஆர்டெமிஸ் திட்டத்தைக் கவனித்து வருபவர்களுக்கு ஒத்திவைப்புச் செய்திகள் பழகிப்போனவை. ஆனால் எல்லா ஒத்திவைப்பும் ஒரே ரகம் அல்ல. சில ஒத்திவைப்புகள் ஒருசில வாரங்களில் தீர்ந்துவிடும், வேறு சில ஆண்டுக்கணக்கில் இழுக்கும். செய்தி வெளியாகும் அன்றே அது எந்த ரகம் என்பதை ஓரளவு கணித்துவிட முடியும்.

முதலில், தேதியைச் சொன்னவர் யார் என்று பாருங்கள். 2019 மார்ச்சில் ஹண்ட்ஸ்வில் நகரில் பேசிய அன்றைய அமெரிக்கத் துணை அதிபர் மைக் பென்ஸ், ஐந்தே ஆண்டுகளில் அமெரிக்கர்கள் நிலவில் இறங்க வேண்டும் என்றார். அதுவரை 2028 என்று இருந்த இலக்கு 2024 ஆனது அப்படித்தான். பொறியாளர்களின் கணக்கிலிருந்து பிறந்த ஆண்டு அல்ல அது. இத்தகைய தேதிகளைச் சரிபார்க்க நாசாவின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் வெளியிடும் தணிக்கை அறிக்கைகளைப் படிப்பதே சிறந்த வழி. நிலவில் அணிய வேண்டிய விண்வெளி உடைகள் 2025 ஏப்ரலுக்கு முன் தயாராகாது என்று அந்த அலுவலகம் 2021 ஆகஸ்டிலேயே எழுதிவிட்டது. 2024 இலக்கை நாசா முறைப்படி கைவிட்டதோ அந்த நவம்பரில்தான். அப்போது முதன்மையாகச் சொல்லப்பட்ட காரணம், தரையிறங்கு கலத்துக்கான ஒப்பந்தத்தை எதிர்த்து ப்ளூ ஆரிஜின் நிறுவனம் தொடுத்த வழக்கு. வழக்கே இல்லாதிருந்தாலும் உடை இருந்திருக்காது என்பது அறிக்கையைப் படித்தவர்களுக்கு முன்பே தெரியும்.

அடுத்து, கோளாறு ஏவுதளத்தில் எழுந்ததா, வடிவமைப்பில் எழுந்ததா என்று பிரித்துப் பாருங்கள். 2022-இல் ஆளில்லாமல் பறந்த ஆர்டெமிஸ் 1 முதல் வகைக்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆகஸ்ட் 29 அன்று, நான்கு எஞ்சின்களில் ஒன்று போதிய அளவு குளிரவில்லை என்று ஓர் உணரி காட்டியதால் ஏவுதல் நின்றது. செப்டம்பர் 3 அன்று, சுமார் 20 செ.மீ. விட்டமுள்ள எரிபொருள் குழாய் ராக்கெட்டுடன் சேரும் இடத்தில் திரவ ஹைட்ரஜன் கசிந்தது. ஹைட்ரஜன் மூலக்கூறு மிகச் சிறியது. அது திரவமாக இருக்கும் மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் உலோகமும் அடைப்பு வளையமும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால், சாதாரண வெப்பநிலையில் கண்ணுக்கே படாத இடைவெளிகூடக் கசிவுக்கு வழிவிடும். வளையத்தை மாற்றி, எரிபொருளை முன்பைவிட மெதுவாக ஏற்றிப் பார்த்தார்கள். அதற்குள் இயான் புயல் வந்துவிட, ராக்கெட் கிளம்பியது நவம்பர் 16 அன்றுதான்.

ஒரு சின்ன வளையத்துக்கு இத்தனை வாரங்களா என்று கேட்கலாம். நிலவின் இருப்பிடமும், ராக்கெட் சுமந்து செல்லும் ஓரியன் விண்கலம் சூரிய ஒளியின்றி நெடுநேரம் இருக்கக்கூடாது என்பது போன்ற கட்டுப்பாடுகளும் சேர்ந்து, ஏவுவதற்கு உகந்த நாட்களை மாதத்தில் ஒரு சில தொகுதிகளாகச் சுருக்கிவிடுகின்றன. ராக்கெட் வழிதவறினால் அதை அழிக்கும் பாதுகாப்பு அமைப்பின் மின்கலங்களையோ ஏவுதளத்தில் வைத்துச் சரிபார்க்க முடியாது. சுமார் ஆறரை கிலோமீட்டர் தள்ளியுள்ள கட்டடத்துக்கு ராக்கெட்டையே ஊர்ந்து செல்லும் வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். ஆகவே செய்தியில் நீங்கள் முதலில் தேட வேண்டிய விவரம், ராக்கெட் கட்டடத்துக்குத் திரும்புகிறதா என்பதுதான். திரும்பினால் வாரக்கணக்கு, திரும்பாவிட்டால் நாள்கணக்கு.

வடிவமைப்புக் கோளாறுக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அதே ஆர்டெமிஸ் 1 பயணத்தின் முடிவில், மணிக்கு ஏறத்தாழ 40,000 கி.மீ. வேகத்தில் வளிமண்டலத்துக்குள் நுழைந்து 2022 டிசம்பர் 11 அன்று கடலில் இறங்கிய ஓரியனின் வெப்பக் கவசத்தில், நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் கருகிய பொருள் பெயர்ந்து போயிருந்தது. கவசம் சீராகத் தேய வேண்டுமே தவிர, சில்லு சில்லாக உதிரக்கூடாது. விண்கலம் வளிமண்டலத்தில் ஒருமுறை மூழ்கி, மேலெழுந்து, மீண்டும் இறங்கும் பாதையில் வந்தது. அந்த இடைவேளையில் அவ்கோட் எனப்படும் கவசப் பொருளின் உள்ளே உண்டான வாயுக்கள் வெளியேற வழியின்றி அழுத்தம் கூடி விரிசல் விட்டது. இதை நாசா கண்டறிந்து அறிவித்தது 2024 டிசம்பரில். அதாவது விடை கிடைக்கவே இரண்டு ஆண்டுகள். அதற்கிடையில் 2024 ஜனவரியில், ஆட்களோடு நிலவைச் சுற்றிவரும் அடுத்த பயணமான ஆர்டெமிஸ் 2-க்கு அறிவிக்கப்பட்ட 2025 செப்டம்பர் என்ற தேதி, விடை தெரியாமலேயே குறிக்கப்பட்ட ஒன்று. அது 2026 ஏப்ரலுக்கு நகர்ந்ததில் வியக்க ஒன்றுமில்லை. மூலக்காரணம் இன்னும் ஆராயப்படுகிறது என்று செய்தியில் இருந்தால், பக்கத்தில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பொருட்படுத்தாதீர்கள்.

மூன்றாவதாக, மிகவும் பின்தங்கிய உறுப்பு எது என்று கேளுங்கள். ராக்கெட், விண்கலம், உடை, தரையிறங்கு கலம் ஆகிய எல்லாம் தயாரானால்தான் பயணம் என்பதால், கடைசியாக வருவது எதுவோ அதன் தேதியே பயணத்தின் தேதி. நிலவில் இறங்குவதைப் பொறுத்தவரை என் கவனம் முழுவதும் தரையிறங்கு கலத்தின்மேல்தான். 2021 ஏப்ரலில் 289 கோடி டாலர் ஒப்பந்தத்தில் தேர்வான ஸ்பேஸ்எக்ஸின் ஸ்டார்ஷிப், பூமியைச் சுற்றும் பாதையிலேயே எரிபொருள் நிரப்பிக்கொண்டுதான் நிலவுக்குப் போக முடியும். அதற்குப் பல எரிபொருள் கலங்கள் அடுத்தடுத்து ஏவப்பட வேண்டும். திரவ ஆக்சிஜனும் மீத்தேனும் காத்திருக்கும் நேரத்தில் ஆவியாகிக் குறையக்கூடாது. ஆட்களை ஏற்றுமுன் ஆளில்லாமல் ஒருமுறை நிலவில் இறங்கிக் காட்டவும் வேண்டும். கலத்திலிருந்து கலத்துக்கு எரிபொருள் மாற்றம், நீண்ட நாள் சேமிப்பு, ஆளில்லாத் தரையிறக்கம் ஆகிய மூன்றில் எவை செய்து காட்டப்பட்டன என்று குறித்துக்கொண்டே வந்தால், அறிவிக்கப்படும் எந்தத் தேதியையும்விட அந்தக் குறிப்பு உங்களுக்கு நம்பகமாக இருக்கும்.

தேதி அப்படியே நிற்கும்போதும் பயணத்தின் உள்ளடக்கம் மாறக்கூடும். தரையிறங்கு கலம் தயாராகாவிட்டால், நிலவில் இறங்குவதற்காகத் திட்டமிடப்பட்டிருந்த ஆர்டெமிஸ் 3 வேறு பணியை மேற்கொள்ள நேரலாம் என்று நாசா அதிகாரி ஜிம் ஃப்ரீ 2023 ஆகஸ்டிலேயே குறிப்பிட்டிருந்தார். எனவே ஆண்டைப் பார்த்த கையோடு, அந்தப் பயணத்தில் என்ன செய்யப்போகிறார்கள் என்று எழுதியிருக்கும் வரியையும் பழைய அறிவிப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.