சாலமன் தீவுகள்: மரம் வெட்டும் திட்டத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சாலமன் தீவுகளில் 80 சதவீதத்துக்கும் மேற்பட்ட நிலம் மரபு வழக்கப்படி குலங்களுக்குச் சொந்தமானது. அதை அரசுக் காடு போல நினைத்து, முதலில் வரைபடம் போட்டுவிட்டு அப்புறம் உரிமையாளரைத் தேடுவதுதான் எல்லாத் தவறுகளுக்கும் தாய்.

1969-ம் ஆண்டின் வனச் சட்டப்படி மாகாண நிர்வாகம் மர உரிமை விசாரணை நடத்தும். யார் கையெழுத்திடலாம் என்பது அங்கேதான் முடிவாகும். வந்து உட்கார்ந்த நாலு பேரை வைத்து ஊரே சம்மதித்ததாக எழுதிவிடாதீர்கள். குவாதல்கனால், இசபெல் தீவுகளில் நிலம் தாய்வழியில் வருகிறது. ஆனால் பேசுவதும் கையெழுத்திடுவதும் பெரும்பாலும் ஆண்கள். அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்காமல் வாங்கிய சம்மதத்தை நான் சம்மதமாகவே எடுத்துக்கொள்ள மாட்டேன். முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்ய ஒரு மாதம்தான் அவகாசம். படகில் போய்ச் சேர வேண்டிய ஊருக்கு வெறும் காகிதத்தை அனுப்பினால் போதாது. ஞாயிறு வழிபாடு முடிந்து எல்லோரும் கூடும்போது அங்கே பொதுவாகப் பேசப்படும் பிஜின் மொழியில் வாசித்துச் சொல்ல வேண்டும்.

400 மீட்டர் உயரத்துக்கு மேல் வெட்டக்கூடாது என்கின்றன நடைமுறை விதிகள். அந்தக் கோடு வரைபடத்தில் இருந்தால் மட்டும் போதாது, மரத்தில் பெயின்ட்டாகவும் இருக்க வேண்டும். புல்டோசர் ஓட்டுகிறவர் பார்த்து நிற்பது அதைத்தான்.

ஓடைகள் விஷயத்தில்தான் எனக்கு மனசு ஆறுவதில்லை. பாலம் போடச் செலவாகும் என்று நாலு மரத்தடிகளைக் குறுக்கே தள்ளி, மேலே மண்ணைக் கொட்டி வண்டியை ஓட்டிவிடுகிறார்கள். ஒரு பெரிய மழை வந்தால் அந்த மண் அத்தனையும் கரைந்து இறங்கும். குடிக்கிற தண்ணீர் கலங்கும். மரோவோ மாதிரியான காயல்களில் பவளப்பாறை மேல் சேறு படியும், மக்கள் மீன் பிடிக்கும் இடமே அதுதான். வேலை முடிந்ததும் அந்தத் தடிகளை எடுப்பது, சாலைக்குக் குறுக்கே வடிகால் வெட்டுவது இரண்டுக்கும் நாளும் இயந்திரமும் திட்டத்திலேயே ஒதுக்குங்கள். கப்பல் ஏற்றி முடிந்தால் இயந்திரம் அடுத்த தீவுக்குப் போய்விடும்.

இன்னொரு தவறு, சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீட்டை வெட்ட உரிமம் வாங்கிய எல்லையோடு நிறுத்திவிடுவது. ரென்னெல் தீவின் கிழக்குப் பகுதியான கிழக்கு ரென்னெல் 1998-ல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. 2013-ல் அது ஆபத்தில் உள்ள மரபிடங்களின் பட்டியலுக்குப் போனது. பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே, அதே தீவின் மேற்குப் பக்கத்தில் மரம் வெட்டியதும் அதற்குக் காரணம்.