ஆபரேஷனுக்கு முன் எடை பார்க்கப் போகிறீர்களா?

தேதி குறித்துச் செய்யும் ஆபரேஷன் என்றால், முதலில் மயக்க டாக்டரிடம் ‘ஃபிட்னஸ்’, அதாவது மயக்கம் கொடுக்க உடம்பு தயார் என்ற ஒப்புதல், வாங்கி வரச் சொல்வார்கள். அங்கே போனதும் எடை மெஷினில் ஏறச் சொல்வார்கள். எடை குறைவாகக் காட்ட வேண்டும் என்று முந்தின நாள் பட்டினி கிடக்காதீர்கள். மயக்க மருந்துகள் பலவற்றின் அளவு கிலோவைப் பார்த்துத்தான் முடிவாகிறது. ஆபரேஷன் புண்ணில் கிருமி தொற்றாமல் இருக்கப் போடும் செஃபசோலின் என்ற ஆன்டிபயாடிக்கும் அப்படித்தான்: பெரியவர்களுக்கு வழக்கமாக 2 கிராம். 120 கிலோவும் அதற்கு மேலும் என்றால் 3 கிராம். குழந்தைகளுக்கோ ஏறக்குறைய எல்லா மருந்துமே கிலோ கணக்குதான்.

1. ஒரு வாரம் முன்பே வீட்டில் பாருங்கள். காலையில் கழிவறை போய்வந்து, சாப்பிடுவதற்கு முன். மெஷின் வெறும் தரையில் இருக்கட்டும், பாய் மேல் வேண்டாம். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு ஏறுங்கள்.

2. ஆறு மாதம் முன்பு எவ்வளவு இருந்தீர்கள் என்று பழைய ஃபைலில் தேடி எழுதிக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் இதுதான் முக்கியமான வேலை. 70 கிலோ இருந்தவர் எந்த முயற்சியும் இல்லாமல் 63க்கு வந்திருந்தால், அது 10 சதவீதம். ‘இளைச்சது நல்லதுதானே’ என்று விட்டுவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உடம்பில் சத்துக் குறைந்தால் புண் ஆறுவதும் தாமதமாகும். நேர்மாறாக, சில நாளிலேயே எடை கூடி, காலும் வீங்கினால் அது உடம்பில் நீர் தேங்குவதாக இருக்கலாம். ஃபிட்னஸ் தேதி வரை காத்திருக்காமல் உடனே டாக்டரைப் பாருங்கள். டயாலிசிஸ் செய்பவர்கள் கடைசியாகச் செய்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

3. மருந்துச் சீட்டுகளை எடுத்து வையுங்கள். செமாக்ளூடைட் மாதிரி, சர்க்கரைக்கோ எடை குறையவோ போடும் ஊசி இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். அது இரைப்பை காலியாவதை மெதுவாக்கும்; மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் ஆபத்து உண்டு. நீங்களாக எதையும் நிறுத்தவும் வேண்டாம், நீர் மாத்திரையைக் கூடுதலாகப் போடவும் வேண்டாம்.

4. ஃபிட்னஸுக்குப் போகும் அன்றைக்கு லேசான பருத்தி உடை போதும். செருப்பு, மொபைல், சாவிக்கொத்து, மடியில் முடிந்த சில்லறை எல்லாவற்றையும் கூட வந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மாவுக்கட்டு இருந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். நிற்க முடியாதவர்கள் ‘ஒரு அறுபது இருக்கும் சிஸ்டர்’ என்று குத்துமதிப்பாகச் சொல்லாமல், உட்கார்ந்து பார்க்கும் மெஷின் இருக்கிறதா என்று கேளுங்கள்.

5. உயரமும் அளப்பார்கள். எடையை, மீட்டரில் எடுத்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பிஎம்ஐ, அதாவது உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் எண். 78 கிலோ, 160 செ.மீ. என்றால் 30.5 வரும்.

அப்புறம், வெறும் வயிறு பற்றி. எடை பார்க்க அது தேவையில்லை. சீட்டில் ஃபாஸ்டிங் சுகர் எழுதியிருந்தால் மட்டும் சாப்பிடாமல் போங்கள், கையில் டிபன் பாக்ஸோடு.